இருபதில் ஒன்று

திருநெல்வேலியில் ஒரு வட்டாரச் செய்தித் தளத்துக்கு நான் நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது, அதன் உச்சியில் 468 பிக்சல் அகலமும் 60 பிக்சல் உயரமும் கொண்ட ஒரே ஒரு விளம்பரப் பெட்டி இருந்தது. அந்த ஒரே பெட்டியை நான்கு பேருக்கு விற்றிருந்தோம். அந்த அளவு எங்களுடைய தேர்வு அல்ல. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்காக வெளியான, வலையின் முதல் பேனர்களுள் ஒன்றாக எல்லோரும் குறிப்பிடும் விளம்பரமும் ஏறத்தாழ அதே அளவுதான். அன்று பத்திரிகையில் இடம் விற்பது போலக் காலக்கணக்கில் விற்றார்கள். ஒரே இடத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்த பிறகுதான், இந்தப் பக்கம் திறக்கும்போது யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்ற கேள்வி நிரலாளரின் மேசைக்கு வந்தது.

எங்களிடம் ஒரு ஜவுளிக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு போட்டித்தேர்வுப் பயிற்சி மையம், ஒரு இனிப்புக்கடை ஆகிய நான்கும் இருந்தன. கொடுத்த பணத்துக்கு ஏற்ப அவற்றின் எடைகள் முறையே 50, 30, 15, 5. கூட்டினால் நூறு வந்ததால், எடையைச் சதவீதம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். இனிப்புக்கடை அண்ணாச்சிக்கு எங்கள் விளம்பரப் பிரிவில் இருந்தவர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: இருபது முறை பக்கம் திறந்தால் ஒரு முறை உங்கள் விளம்பரம் வரும். அந்த வாக்கியத்தை நான் பார்த்தபோது அதில் தவறு எதுவும் தெரியவில்லை. நூற்றில் ஐந்து என்றால் இருபதில் ஒன்று தானே.

எடை வைத்துக் குலுக்குவது என்றால் என்ன என்பதை எங்கள் ஊரில் விளக்க வேண்டிய தேவையே இல்லை. மாதச் சீட்டுப் போடும் தெருக்களில் குலுக்கல் நாளன்று பெயர்களை எழுதிச் சுருட்டிப் பானையில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இரண்டு சீட்டுப் போட்டவரின் பெயர் பானைக்குள் இரண்டு முறை கிடக்கும். அதுதான் எடை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையையும் இங்கே இழுத்து வரலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே ஒருவருக்கு ஓர் ஓலைதான், ஆகவே அது எடையில்லாத குலுக்கல். மாதச் சீட்டே பொருத்தமான உவமை. அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது நான் எழுதிய முதல் நிரல் ஒரே வரி. விளம்பரங்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தன. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு குலுக்கல் எண்ணை எடுத்து, அதை எடையால் பெருக்கி, பெருக்குத்தொகை எதற்கு மிக அதிகமோ அதை முதலில் நிறுத்தி, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடு என்று தரவுத்தளத்திடமே கேட்டேன். எடை அதிகமானது அடிக்கடி வந்தது, குறைவானது அரிதாக வந்தது. எழுதி முடித்ததும் பத்துப் பதினைந்து முறை ரீஃப்ரெஷ் செய்து பார்த்தேன். ஜவுளி, ஜவுளி, நகை, ஜவுளி என்று ஓடியது. திருப்தியாக இருந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி தொலைபேசியில் வந்தார். "தம்பி, காலையிலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இருபது தடவ தொறந்தாச்சு. நம்ம கடை ஒரு தடவகூட வரலயே?"

எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நிகழ்தகவு தெரியும் என்ற மிடுக்கும் இருந்தது. நான் பொறுமையாக விளக்கினேன். ஒரு முறை திறந்தால் வராமல் போவதற்கான வாய்ப்பு 0.95. இருபது முறையும் வராமல் போக 0.95-ஐ இருபது முறை பெருக்க வேண்டும், விடை 0.358. அதாவது இருபது முறை திறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் சற்று மேலானோர் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கவே மாட்டார்கள், அதனால் நிரல் தவறு என்று ஆகிவிடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்றால் 59 முறை திறக்க வேண்டும், அண்ணாச்சி. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இருபதுல ஒண்ணுன்னு எழுதுனது?" என்றார். அது சராசரி என்றேன். "சரி, பாக்கேன்" என்று வைத்துவிட்டார். நான் சொன்ன கணக்கு முழுவதும் சரி. எந்த நிரலைப் பற்றிச் சொன்னேனோ அந்த நிரல்தான் அந்தக் கணக்கின்படி நடக்கவில்லை.

அடுத்த வாரம் மீண்டும் அழைத்தார். பள்ளிக்கூட விடுமுறையில் இருந்த மகனைக் கணினி முன் உட்காரவைத்து, இருநூறு முறை ரீஃப்ரெஷ் செய்யச் சொல்லி, நோட்டில் கோடு போட்டு எண்ண வைத்திருக்கிறார். ஜவுளிக்கடை நூற்று முப்பதுக்கும் மேல், இனிப்புக்கடை சுழியம். இந்த முறை எனக்குச் சொல்ல விளக்கம் இல்லை, ஏனென்றால் 0.95-ஐ இருநூறு முறை பெருக்கினால் ஏறத்தாழ இருபத்தெட்டாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு விடை சிறுத்துவிடுகிறது. அவ்வளவு அரிதான நிகழ்வு ஒரு பள்ளிப் பையனின் நோட்டில் நடந்தது என்று நம்புவதைவிட என் நிரலைச் சந்தேகிப்பதே எளிது. வேதனை என்னவென்றால், எந்த விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்று நாங்கள் எண்ணவே இல்லை. சொடுக்குகளை மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஒரு கடைக்காரரின் மகனுக்கு இருந்த பதிவு, தளத்துக்கு இல்லை.

அன்றிரவு அதே வரியை ஒரு லட்சம் முறை ஓடவிட்டு எண்ணினேன். ஜவுளிக்கடை அறுபத்தேழாயிரத்தைத் தாண்டி நின்றது. நகைக்கடை இருபத்தேழாயிரத்து ஐந்நூறை ஒட்டி. பயிற்சி மையம், பதினைந்தாயிரம் வர வேண்டிய இடத்தில் ஐந்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை. இனிப்புக்கடைக்கு ஐயாயிரம் வர வேண்டும். நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

ஏன் இப்படி என்று தாளில் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிகிறது. எடையால் பெருக்கும்போது இனிப்புக்கடைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணே 5 தான். ஜவுளிக்கடையின் எண் 0 முதல் 50 வரை எங்கும் இருக்கலாம். அது 5-க்குக் கீழே விழப் பத்தில் ஒரு வாய்ப்பு. நகைக்கடையின் எண் 5-க்குக் கீழே விழ ஆறில் ஒன்று, பயிற்சி மையத்துக்கு மூன்றில் ஒன்று. மூன்று பெரியவர்களும் ஒரே சமயத்தில் 5-க்குக் கீழே குனிந்தால்தான் சிறியவருக்கு வழியே பிறக்கிறது. அதற்கு நூற்றெண்பதில் ஒரு வாய்ப்பு. அப்படிக் குனிந்த பிறகும் நால்வரும் சம நிலையில் இருப்பதால், அவர் முந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஆக, எழுநூற்று இருபதில் ஒன்று. நாங்கள் எழுதிக் கொடுத்தது இருபதில் ஒன்று. அண்ணாச்சியின் மகன் இருநூறு முறை அழுத்தியும் வராமல் போவதற்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருந்தது. பையனுடைய நோட்டு முற்றிலும் இயல்பான ஒரு நிகழ்வைத்தான் பதிவு செய்திருந்தது.

இந்தத் தவறு இன்றும் பல நிரல்களில் உயிரோடு இருக்கிறது. பார்வைக்கு அது நியாயமாகத் தெரிவதே அதன் வலிமை. வரிசை மாறுவதில்லை, பெரியது பெரியதாகவும் சிறியது சிறியதாகவும்தான் வருகிறது, விகிதம் மட்டும் காணாமல் போகிறது. இரண்டே விளம்பரங்கள், எடை 2-க்கு 1 என்றால் மூன்றில் இரண்டு வர வேண்டிய இடத்தில் நான்கில் மூன்று வரும்; அந்த வேறுபாட்டைக் கண்ணால் யாரும் பிடிக்க முடியாது. அதே ஒரு வரியை வைத்துக்கொண்டே சரிசெய்யவும் ஒரு வழி உண்டு. குலுக்கல் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதன் எதிர்க்குறியை நீக்கி, எடையால் வகுத்து, மிகச் சிறிய விடை பெற்றதைத் தேர்ந்தெடுத்தால் விகிதம் பிசகாது. பேருந்து நிறுத்தத்தில் நான்கு நிறுவனங்களின் மினி பஸ்கள் நேர அட்டவணை எதுவும் இல்லாமல் வந்துபோகின்றன என்று வைத்துக்கொள்வோம்; ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக ஒன்று பத்து முறை, ஒன்று ஆறு, ஒன்று மூன்று, ஒன்று ஒரு முறை. நீங்கள் போய் நின்றதும் முதலில் வரும் பஸ் யாருடையது என்பதன் வாய்ப்பு அப்படியே 10:6:3:1 தான். மடக்கையை எடையால் வகுப்பது ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு காத்திருப்பு நேரத்தை உண்டாக்குவதே.

ஆனாலும் நான் தரவுத்தளத்தை விட்டுவிட்டு, பிஎச்பி என்ற நிரல்மொழியில் எல்லோரும் எழுதும் முறைக்கு வந்தேன். எடைகளைத் தொடர்ச்சியாகக் கூட்டிக்கொண்டே போனால் 50, 80, 95, 100 என்று நான்கு எல்லைகள் கிடைக்கும். நூறு அடி நீளக் கயிற்றில் நான்கு இடங்களில் முடிச்சுப் போட்டது போல. ஒரு குலுக்கல் எண்ணை எடுத்து, அது எந்த முடிச்சுக்குள் விழுகிறது என்று இடமிருந்து பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதற்கு மேல் எளிமையானது எதுவுமில்லை, ஆனாலும் இதிலும் நான் ஒரு தவறு செய்தேன். பிஎச்பியின் குலுக்கல் செயல்கூறு தரப்படும் இரு எல்லைகளையும் உள்ளடக்கியே எண் தரும். 0, 100 என்று கொடுத்தால் கிடைப்பவை நூற்றொரு எண்கள். நான் எல்லையைவிடச் சிறியதா அல்லது சமமா என்று சோதித்ததால், முதல் விளம்பரத்துக்கு 0 முதல் 50 வரை ஐம்பத்தொரு எண்கள் போயின. சிறியதா என்று மட்டும் சோதித்திருந்தால் 100 வரும் முறைகளில் யாருமே தேர்வாகாமல் வெற்றுப் பெட்டி தெரிந்திருக்கும். அதையாவது யாரேனும் கவனித்துச் சொல்லியிருப்பார்கள்.

மறுபடி ஒரு லட்சம் முறை ஓடவிட்டேன். மனம் முழுவதும் அண்ணாச்சியே இருந்ததால் இனிப்புக்கடையின் எண்ணை மட்டும் பார்த்தேன். ஐயாயிரத்துக்கு ஐம்பதுதான் குறைவு. ஒரு லட்சம் குலுக்கலில் ஐந்து சதவீதத்துக்குத் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து இயல்பாக விலகும் அளவு, 69. ஐம்பது குறைவது சாதாரணம். சரி என்று முடிவு செய்தேன். ஜவுளிக்கடையின் எண்ணைப் பார்த்திருந்தால் அது ஐம்பதாயிரத்து ஐந்நூறை ஒட்டி இருந்தது தெரிந்திருக்கும். அதன் திட்ட விலக்கம் 158 என்பதால் ஐந்நூறு கூடுவது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், அது தற்செயலாக எளிதில் நடக்கக்கூடியது அல்ல. குறை சொன்னவரின் எண்ணிக்கையில் பிழை மறைந்திருந்தது, குறையே சொல்லாதவரின் எண்ணிக்கையில் வெளிப்படையாகக் கிடந்தது. கார்ல் பியர்சன் 1900-இல் முன்வைத்த கை வர்க்கச் (chi-square) சோதனை இதற்கென்றே இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, நான்கையும் கூட்டினால், நான்கு விளம்பரங்களுக்கு அது 7.81-ஐத் தாண்டும்போது சந்தேகப்பட வேண்டும். கல்லூரியில் இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அந்தப் பிழை எனக்குத் தெரியவந்தது வேறொரு தளத்துக்கு இதே நிரலை எடுத்துக் கொடுத்தபோதுதான். அங்கே எடைகள் 2, 1, 1. நான்கு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து எண்கள். முதல் விளம்பரத்துக்கு ஐம்பது சதவீதத்துக்குப் பதில் அறுபது, மற்ற இரண்டுக்கும் இருபத்தைந்துக்குப் பதில் இருபது. எடைகளின் கூட்டுத்தொகை சிறுக்கச் சிறுக்க அந்த ஒற்றை எண்ணின் பிழை வீங்கிவிடுகிறது.

இங்கே ஒரு சிறு விலகல். விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இடமிருந்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்ப்பது மெதுவாகும்; நடுவிலிருந்து பாதி பாதியாகத் தேடலாம், அல்லது ஏ.ஜே. வாக்கர் 1974-இல் வெளியிட்ட மாற்றுப்பெயர் முறையைப் பயன்படுத்தலாம். அதன் அழகுக்காகவே எங்கள் நான்கு விளம்பரங்களுக்கு அதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். தலைக்கு 25 கொள்ளும் நான்கு டம்ளர்கள். முதல் டம்ளரில் இனிப்பு 5, மேலே ஜவுளி 20. இரண்டாவதில் பயிற்சி மையம் 15, ஜவுளி 10. மூன்றாவதில் ஜவுளி 20, நகை 5. நான்காவதில் நகை 25. எல்லாம் நிரம்பின, எந்த டம்ளரிலும் இரண்டு பேருக்கு மேல் இல்லை. இனி எத்தனை ஆயிரம் விளம்பரங்கள் இருந்தாலும் ஒரு டம்ளரைச் சமவாய்ப்பில் எடுத்து, அதற்குள் கீழ்ப்பகுதியா மேல்பகுதியா என்று அவற்றின் அளவுப்படி ஒரு முறை குலுக்கினால் போதும். நான்கு விளம்பரத்துக்கு இதை நிரலாக்குவது மலையைக் கல்லி எலியைப் பிடிக்கும் வேலை என்பதால் தாளோடு விட்டுவிட்டேன்.

விகிதம் சரியான பிறகும் அண்ணாச்சியின் மகனுடைய நோட்டு சரியாகவில்லை. இந்த முறை அவன் எழுதியிருந்தது இன்னும் விசித்திரம்: தொடர்ந்து நாற்பது முறை நகைக்கடை, பிறகு தொடர்ந்து ஜவுளிக்கடை. காரணம் கேஷ் (cache), அதாவது சேமித்துவைத்த பக்கம். சர்வரின் சுமையைக் குறைக்க, இதற்கிடையில் முகப்புப் பக்கத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் உருவாக்கிச் சேமித்து, அந்த ஐந்து நிமிடமும் வருகிற எல்லோருக்கும் அதே பக்கத்தையே கொடுக்கத் தொடங்கியிருந்தோம். பக்கம் உருவாகும்போது குலுக்கல் நடந்துவிடுவதால், தேர்வான விளம்பரம் பக்கத்தோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது. பார்வையாளர் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு நாளைக்கு நடப்பது 288 குலுக்கல்தான். இனிப்புக்கடைக்குச் சராசரியாகப் பதினான்கு ஐந்து நிமிடங்கள் கிடைக்கும். அவற்றில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு விழுந்தால், பால்கோவா வாங்க யார் விழித்திருப்பார்கள்? குலுக்கலின் எண்ணிக்கை குறைந்தால் சராசரியை எட்டும் வேகமும் குறைகிறது. அதனால் குலுக்கலைச் சர்வரிலிருந்து எடுத்து, ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, பார்ப்பவரின் உலாவியிலேயே நடத்தினேன். பக்கம் பொதுவாக உறைந்திருக்கலாம். பெட்டி மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாகத் திறந்துகொள்ளும். கூடுதல் பலனாக, தேடுபொறி வலைச்சிலந்திகளில் பெரும்பாலானவை அன்று ஜாவாஸ்கிரிப்டை இயக்காததால் அவற்றின் வருகை எங்கள் புதிய எண்ணிக்கையில் சேரவில்லை. படங்களை வைத்திருந்த கோப்புறைக்கு விளம்பரம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டிருந்ததால் விளம்பரத் தடுப்பான்கள் நான்கையும் சேர்த்தே விழுங்கின என்பது தனிக் கதை.

அந்த ஆண்டு இறுதியில் பக்கத்தின் அடியில் இரண்டாவது பெட்டி ஒன்றைச் சேர்த்தார்கள். இதை ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். இரண்டு பெட்டிகளிலும் ஒரே விளம்பரம் வந்தால் அசிங்கமாக இருக்கும், ஆகவே முதல் பெட்டிக்கு எடைப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றிலிருந்து இரண்டாவதை எடைப்படி தேர்ந்தெடுத்தேன். இப்போது எண்ணிக்கைப் பதிவு இருந்ததால் இரண்டே நாளில் தெரிந்துவிட்டது: மொத்தப் பார்வைகளில் ஜவுளிக்கடையின் பங்கு 41 சதவீதமாகச் சரிந்து, இனிப்புக்கடையின் பங்கு ஆறரையாக ஏறியிருந்தது. பெரியவர் முதல் பெட்டியில் வந்தால் இரண்டாவது பெட்டியில் அவருக்கு இடமில்லை. அந்த இடைவெளி சிறியவர்களுக்குப் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தால், இரண்டு பெட்டிகளில் பாதிப் பங்கு வேண்டுமென்றால் ஜவுளிக்கடை ஒவ்வொரு பக்கத்திலும் தவறாமல் ஒரு முறை வந்தே தீர வேண்டும். அப்புறம் அதற்குக் குலுக்கல் எதற்கு?

குலுக்கலையே விட்டுவிட்டு முறைவைத்துக் காட்டிவிடலாமா என்றும் பார்த்தேன். என்ஜின்எக்ஸ் சர்வரில் 2012-இல் சேர்ந்த ஓர் எடைமுறைச் சுழற்சி மிகவும் நேர்த்தியானது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் எடையை வரவு வைக்க வேண்டும். இருப்பு அதிகம் உள்ளவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கணக்கிலிருந்து எடைகளின் மொத்தத்தைக் கழிக்க வேண்டும். எங்கள் எடைகளைச் சுருக்கி 10, 6, 3, 1 என்று வைத்தால், இருபது சுற்றில் இனிப்புக்கடை மிகச் சரியாக ஒரு முறை, பதினோராவது சுற்றில் வரும். இருபதாவது சுற்று முடியும்போது எல்லாக் கணக்கும் சுழியத்துக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதைக் கண்டதும் அண்ணாச்சியின் ஒப்பந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது என்று மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி அந்த வரிசையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதிப் பார்க்கும்வரைதான் இருந்தது. பக்கத்துக்கு இரண்டு பெட்டிகள் என்பதால் ஒற்றைப்படைச் சுற்றுகள் மேல் பெட்டிக்கும் இரட்டைப்படைச் சுற்றுகள் கீழ்ப் பெட்டிக்கும் போகும். மொத்தச் சுற்று இருபது, அதுவும் இரட்டைப்படை. ஆக ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்கு. பதினொன்று ஒற்றைப்படை என்பதால் எல்லோரிலும் குறைவாகப் பணம் கொடுத்த அண்ணாச்சி என்றென்றைக்கும் மேல் பெட்டியில். முப்பது பங்குக்குப் பணம் கட்டிய நகைக்கடை ஆறு முறையில் நான்கு முறை பக்கத்தின் அடியில், யாரும் உருட்டிப் போகாத இடத்தில். குலுக்கல் செய்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை அன்றுதான் எனக்குப் புரிந்தது. அது பங்கைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. நேரம், பெட்டி, பார்ப்பவர் என்று நாம் யோசிக்காமல் விட்ட எல்லா விஷயங்களிலும் யாருக்கும் சாதகம் சேராமல் கலைத்துவிடுகிறது.

கடைசியில் மாதச் சீட்டுப் பானைக்கே திரும்பினேன். முன்பு சொல்லாமல் விட்ட நுணுக்கம் இதுதான்: வெளியே எடுத்த பெயர்ச்சீட்டை அடுத்த மாதம் பானையில் போடுவதில்லை. யார் எப்போது என்பது குலுக்கலின் கையில், ஆனால் சீட்டு முடிவதற்குள் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்பது உறுதி. அதையே செய்தேன். ஜவுளி பத்து, நகை ஆறு, பயிற்சி மையம் மூன்று, இனிப்பு ஒன்று என இருபது சீட்டுகள். அவற்றை ஃபிஷர்-யேட்ஸ் முறைப்படி கலைத்து, ஒவ்வொரு பார்வையாளரின் உலாவியிலும் தனித்தனிப் பானையாகச் சேமித்தேன். அவர் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் மேலிருந்து இரண்டு சீட்டு. இரண்டும் ஒரே கடையாக இருந்தால் இரண்டாவதைக் கீழே செருகிவிட்டு அடுத்ததை எடுத்தேன். பானையில் ஒரே கடையின் சீட்டுகளே மிஞ்சினால் புதிய இருபதைக் கலைத்து அவற்றின் மேல் கொட்டினேன். எது மேலே எது கீழே என்பதற்குத் தனியாக ஒரு பூவா தலையா.

பெரும்பாலானோர் இரண்டு மூன்று பக்கங்களோடு போய்விடுவார்கள், அவர்கள் பானை பாதியில் நிற்குமே, பங்கு கெடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கெடாது. நன்றாகக் கலைத்த கட்டில் முதல் சீட்டு இனிப்பாக இருக்க இருபதில் ஒரு வாய்ப்பு. ஏழாவது சீட்டுக்கும் அதே வாய்ப்புதான். சீட்டை இடம் மாற்றிச் செருகும் அந்தச் சிறு கைவேலையால் ஒரு சில தசமங்கள் நகரும், அதைப் பதிவில் பார்த்துக்கொண்டேன். பல பேரிடம் பாதியில் நின்ற பானைகளைச் சேர்த்தாலும் மொத்தப் பங்கு சராசரியில் மாறுவதில்லை. கடைசிவரை திறப்பவருக்கு மட்டும் கூடுதலாக ஓர் உறுதி கிடைக்கிறது. எங்கள் தளத்தில் அப்படி இருபது சீட்டுகளையும் தீர்க்கும் வாசகர் ஒரே ஒருவர்தான், அவருக்கு ஒன்பதாம் வகுப்பு.

ரிவைவ் ஆட்சர்வர் போன்ற பழைய விளம்பரச் சர்வர்களில் இந்த இரண்டு வகை வாக்குறுதிகளையும் தனித்தனியாகவே வைத்திருப்பதை இதற்குப் பிறகுதான் கவனித்தேன்: இத்தனை பார்வைகள் தருகிறேன் என்று எண்ணிச் சொன்ன ஒப்பந்த விளம்பரங்கள் ஒரு பக்கம், மீந்த இடத்தை எடைப்படி பங்கிட்டுக்கொள்ளும் விளம்பரங்கள் இன்னொரு பக்கம். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் இருந்த ஆட்ரொட்டேட்டரில் எடைக்கே பார்வைகள் என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார்கள். அதில் 5 என்று எழுதினால் ஐந்து பார்வை அல்ல, எடை ஐந்து. அந்தப் பெயரால் எத்தனை ஊர்களில் எத்தனை அண்ணாச்சிகள் ஏமாந்தார்களோ.

அடுத்த தீபாவளிக்கு அண்ணாச்சி விளம்பரத்தை இரட்டிப்பாக்கினார். விளம்பரப் பிரிவுக்காரர் உடனே எடையை 5-லிருந்து 10 ஆக்கி, பத்து சதவீதம் என்று எழுதப் போனார், நான் தடுத்தேன். மற்றவர்களின் எடை அப்படியே இருக்கும்போது மொத்தம் 105 ஆகிவிடும், 10 என்பது ஒன்பதரை சதவீதம்தான், ஜவுளிக்கடைக்குப் பாதி என்று எழுதிக் கொடுத்திருப்பதும் பொய்யாகும். ஜவுளிக்கடையிடம் பேசிச் சமாளித்தார்கள். அண்ணாச்சியிடம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது.

சரியாகப் பத்தில் ஒன்று வேண்டுமென்றால் முடியும் என்று அவரிடம் சொன்னேன். எடைகளை 90, 54, 27, 19 என்று வைத்தால் மொத்தம் 190, அதில் 19 அவருக்கு, பிசிறில்லாத பத்து சதவீதம். ஆனால் பானையில் 190 சீட்டுகள் கிடக்கும். துரதிர்ஷ்டம் இருந்தால் அவர் மகன் 171 சீட்டு எடுத்த பிறகும் அப்பாவின் கடையைப் பார்க்காமல் இருக்கலாம். அல்லது சின்னப் பானையே போதும் என்றால் இருபத்தொரு சீட்டு, அதில் இரண்டு அவருடையது. பத்தில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒவ்வொரு இருபத்தொன்றிலும் இரண்டு வந்தே தீரும். எது வேண்டும், அண்ணாச்சி?

அவர் கல்லாவில் யாருக்கோ சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினார். "இருபத்தொண்ணுல ரெண்டுன்னே எழுதிக்கோங்க தம்பி. எண்ணிப் பாக்க நம்மட்ட ஆளு இருக்கு."

ஒப்பந்தத்தில் அப்படியே எழுதினோம், சதவீதக் குறி இல்லாமல்.